ஆபீஸ் சாஃப்ட்வேரில் கட்டாய அப்டேட்டை நிறுத்தவே முடியாதா?

12 பேர் வேலை செய்யும் அலுவலகம். மாதத்தின் கடைசி நாள். காலையில் கணினியைத் திறந்தால் பில் போடும் சாஃப்ட்வேர் தானாகவே புது வெர்ஷனுக்கு மாறியிருக்கிறது. பிரிண்ட் எடுத்தால் பில்லின் ஓரம் வெட்டுப்படுகிறது. மதியம் வரை ஒரு பில்கூட வெளியே போகவில்லை. இதைச் சொல்லிவிட்டு, "எங்களைக் கேட்காமலேயே மாற்ற இவர்களுக்கு என்ன உரிமை? அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்த வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். அப்டேட்டே கூடாது என்று நீங்கள் சொல்வதாக எனக்குப் படவில்லை. மாதக் கடைசி நாளில் ஏன் வந்தது, முன்கூட்டி ஏன் சொல்லவில்லை என்பதுதான் உங்களை வாட்டுகிறது. அதாவது, என் அலுவலகத்துக் கணினி எந்த நாளில் மாற வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். 7 வருடம் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில், புது வெர்ஷன்களை வெளியிடும் குழுவில் வேலை பார்த்தேன். அதன் பிறகு 11 வருடமாகச் சிறிய, நடுத்தர அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கிறேன். நீங்கள் சாஃப்ட்வேரின் பெயரைச் சொல்லவில்லை. அதனால் எந்த மெனுவில் எந்த பட்டன் என்று காட்ட என்னால் முடியாது. மற்றதைச் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் கோபம். "சின்ன மாற்றம்தானே, போகப் போகப் பழகிவிடும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சாஃப்ட்வேர் எழுதும் இடத்தில் இருந்தவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு மாறியது ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். 15 வருடமாக அங்கே வவுச்சர் பதிவு செய்துவந்த ஓர் அம்மா இருந்தார். ஓர் அப்டேட்டுக்கு அடுத்த நாள் கணக்கு இடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அடிப்பதைப் பார்த்தேன். இடது கை வவுச்சரைப் புரட்டுகிறது. வலது கை எண் விசைகளை விட்டு நகரவே இல்லை. தேதி, என்டர், குறியீடு, என்டர், என்டர், தொகை, என்டர். கண் ஒரு தடவைகூடத் திரைக்குப் போகவில்லை. புது வடிவமைப்பில் பற்றுப் பெட்டியும் வரவுப் பெட்டியும் இடம் மாறியிருந்தன. அவர் எப்போதும்போல முதல் பெட்டியைத் தாண்டி இரண்டாவதில் தொகையை அடித்திருக்கிறார். சாஃப்ட்வேர் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் சேமித்துக்கொண்டது. அப்படி 63 பதிவுகள். "நான் ஸ்கிரீனைப் பார்த்து அடிக்கிறதே இல்ல சார், பேப்பரைப் பார்த்துத்தான் அடிப்பேன்" என்றார். முந்தின நாள் மாலை எல்லோரும் கிளம்பிய பிறகும் இருந்து, தன் கூட்டலைத்தான் அவர் மறுபடி மறுபடி சரிபார்த்திருக்கிறார். தவறு தன்னுடையது என்றே நினைத்திருக்கிறார். அந்த மாற்றத்தைப் பற்றி வெளியீட்டுக் குறிப்பில் இருந்தது ஒரே வரி: "பதிவுத் திரை மேம்படுத்தப்பட்டது."

15 வருடக் கைப்பழக்கம் என்பது அந்த அலுவலகத்தின் சொத்து. அதற்கு எந்த லெட்ஜரிலும் கணக்கு இல்லை என்பதால் வெளியிலிருந்து ஒருவர் அதை ஒரே இரவில் செல்லாததாக்கிவிட முடிகிறது. உங்கள் கோபம் நியாயமானது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அப்படியானால் எல்லா அப்டேட்டையும் நிறுத்திவிடலாமா? கூடாது. இதையும் அதே உறுதியோடு சொல்கிறேன். 2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் பேட்ச், அதாவது ஒரு திருத்தம், வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. நடுவில் 59 நாள். 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் கோப்புகள் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கப்பட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாயின. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதாவது, பேட்ச் ஏற்கெனவே கையில் இருந்த, போடாமல் விடப்பட்ட கணினிகள். அதே வருடம் மக்களின் கடன் விவரங்களைத் திரட்டிவைக்கும் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலும் இதே கதைதான். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளுக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது. அதைப் போடாத ஒரு சர்வர் வழியாக மே மாதம் நுழைந்தவர்கள் 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை எடுத்துப் போனார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இதில் இருக்கிறது. பேட்ச் வெளியான நிமிஷத்திலிருந்து போடாதவரின் ஆபத்து கூடுகிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பேட்சே காட்டிக்கொடுத்துவிடும். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து, எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று பார்த்தால் போதும். இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. பாதுகாப்பு ஆராய்ச்சி செய்பவர்களும் திருடர்களும் ஒன்றுபோல அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். "இத்தனை நாள் அப்டேட் போடாமல்தானே இருந்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்ற சமாதானம் அதனால்தான் செல்லாது. நேற்று வரை யாருக்கும் தெரியாத கதவு அது. இன்று அதன் முகவரி ஊருக்கே தெரியும்.

இனி அவர்கள் ஏன் கட்டாயப்படுத்துகிறார்கள் என்பது. பாதுகாப்பு ஒரு காரணம், உண்மையான காரணம். அது மட்டும்தான் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். நான் இருந்த குழுவில் ஒரு சமயம் 4 வெர்ஷன்களை ஒரே நேரத்தில் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு பிழையைத் திருத்தினால் நான்கு இடத்தில் திருத்த வேண்டும், நான்கு இடத்தில் சோதிக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர் ஃபோன் செய்தால் முதல் கால் மணி நேரம் அவரிடம் எந்த வெர்ஷன் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே போகும். எல்லோரையும் ஒரே வெர்ஷனுக்குக் கொண்டுவந்தால் இந்தச் செலவு மொத்தமும் நின்றுவிடும். அதனால் "எத்தனை சதவீதம் பேர் புது வெர்ஷனில் இருக்கிறார்கள்" என்ற எண் எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் முதலில் பேசப்படும் விஷயமாக இருந்தது. அந்த எண்ணை ஏற்றத்தான் எல்லா முயற்சியும். மறுபக்கம் ஒரு கணக்குப் பிரிவு மாதக் கடைசியில் இருக்கிறது என்ற பேச்சு அந்தக் கூட்டங்களில் நான் இருந்தவரை எழுந்ததில்லை. கெட்ட எண்ணம் என்று இல்லை. அந்த அறையில் உங்களுக்காகப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சந்தா முறை வந்த பிறகு இது இன்னும் இறுகியது. முன்பு புது வெர்ஷன் என்றால் உங்களிடம் வந்து விற்க வேண்டும். நீங்கள் பிடிக்கவில்லை என்றால் பழையதோடு இருந்துவிடலாம். 2013 மே மாதம் அடோபி தன் கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர்களின் புது வெர்ஷன்கள் இனிச் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது. பின்னால் பலரும் அதே வழியில் போனார்கள். பணம் மாதாமாதம் வருகிறது, மாற்றமும் மாதாமாதம் வருகிறது, வேண்டாம் என்று சொல்லும் இடம் மட்டும் காணாமல்போனது. விண்டோஸிலும் ஒரு காலத்தில் பேட்ச்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் போடலாம், தொல்லை தருவதை மட்டும் ஒதுக்கிவைக்கலாம். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டது. எடுத்தால் முழு மூட்டை, இல்லையென்றால் எதுவும் இல்லை.

என் பார்வையில் பிரச்சினையின் வேர் அந்த மூட்டைதான். ஓட்டையை அடைப்பது ஒரு வேலை. பெட்டியை இடம் மாற்றுவது, நிறத்தை மாற்றுவது, புது வசதி சேர்ப்பது முற்றிலும் வேறு வேலை. முதலாவது அவசரம், அதை நீங்கள் மறுப்பது உங்களுக்கும் உங்கள் நெட்வொர்க்கில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து. இரண்டாவதில் எந்த அவசரமும் கிடையாது. அவசரத்தின் தோளில் அவசரமில்லாததை ஏற்றி அனுப்புகிறார்கள். பிரிப்பது முடியாத காரியம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். போஸ்ட்கிரஸ் என்ற தரவுதளம் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் 5 வருடம் திருத்தங்கள் தருகிறது. இடையில் வரும் சிறு வெளியீடுகளில் பிழைத் திருத்தமும் பாதுகாப்பும் மட்டுமே இருக்கும். விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான உபுண்டுவின் நீண்டகால வெளியீடுகளுக்கும் 5 வருடம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் நிறுவனங்களுக்கென்று தனி வெளியீடு இருக்கிறது, அதில் சுமார் ஒரு வருடம் புது வசதிகள் சேராமல் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். மைக்ரோசாஃப்டே மருத்துவக் கருவிகள், தொழிற்சாலை இயந்திரங்கள் போன்றவற்றுக்காக விண்டோஸின் ஒரு பதிப்பை இப்படி வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கிறது. செலவு பிடிக்கும் வேலை, உண்மை. செய்ய முடிந்த வேலை என்பதும் உண்மை.

அப்டேட் வந்தால் ஏதாவது கெடும் என்ற உங்கள் பயமும் கற்பனை இல்லை. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பெரிய அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்தது. சில நாளில் அதை நிறுத்திவைத்து, நவம்பர் 13-ல்தான் மறுபடி வெளியிட்டார்கள். முன்கூட்டிச் சோதித்துப் பார்த்த தன்னார்வலர்களில் சிலர் இதே புகாரை முன்பே எழுதியிருந்தார்கள். குவிந்து கிடந்த புகார்களில் அது கவனிக்கப்படாமல் போனது. 2021 மார்ச் 9-ல் வந்த மாதாந்திர பேட்ச்சுக்குப் பிறகு சில பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்தாலே கணினி நீலத் திரையோடு விழுந்தது. சரிசெய்யும் பேட்ச் வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. உங்கள் பில்லின் ஓரம் வெட்டுப்பட்டதைப் படித்தபோது எனக்கு அந்த வாரம்தான் நினைவுக்கு வந்தது. அப்டேட்டில் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் பிரிண்டிங்தான் என்பது என் அனுபவம். சாஃப்ட்வேர், விண்டோஸ், பிரிண்டரை இயக்கும் டிரைவர் புரோகிராம், காகித அளவு என்று நான்கு பேர் கை கோத்துச் செய்யும் வேலை அது. ஒருவர் நகர்ந்தாலும் கோணலாகிவிடும். உங்களுக்கு நடந்தது பில் சாஃப்ட்வேரால்தானா, அதே இரவில் வந்த விண்டோஸ் அல்லது டிரைவர் அப்டேட்டாலா என்பதையும் ஒரு தடவை பாருங்கள். விண்டோஸின் அப்டேட் வரலாற்றில் தேதியோடு பட்டியல் இருக்கும். ஓரம் வெட்டுப்படுவது மட்டும்தான் கோளாறு என்றால் எனக்கு முதல் சந்தேகம் காகித அளவு அமைப்பின் மேல். இது ஊகம்தான், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வரிசையில் மிகப் பெரியது 2024 ஜூலை 19-ல் நடந்தது. கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு ஒரு சிறு தரவுக் கோப்பு அனுப்பப்பட்டது. அதில் இருந்த பிழையால், மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்குப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. கோப்பை 78 நிமிஷத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். விழுந்த கணினிகளை எழுப்பப் பல இடங்களில் ஒவ்வொரு கணினிக்கும் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. இதில் நான் மறக்காத பாடம் வேறு. பல நிறுவனங்கள் எச்சரிக்கையாக "எப்போதும் ஒரு வெர்ஷன் பின்னால் இருப்போம்" என்று அமைத்து வைத்திருந்தன. அந்த அமைப்பு சாஃப்ட்வேர் வெர்ஷனை மட்டுமே கட்டுப்படுத்தியது. இந்தத் தரவுக் கோப்புகள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. எச்சரிக்கையாக இருந்தவர்களும் சேர்ந்தே விழுந்தார்கள். அதனால் எந்த சாஃப்ட்வேரிலும் "அப்டேட்டைத் தள்ளிவை" என்ற அமைப்பைப் பார்த்தால், இது எதையெல்லாம் தள்ளிவைக்காது என்று கேட்டுவிடுங்கள்.

கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா என்ற தாக்குதல் உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட எம்.இ.டாக் என்ற கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாகவே புகுந்தது. அப்டேட் அனுப்பும் சர்வரைக் கைப்பற்றி, அதற்குள் நச்சை வைத்து அனுப்பினார்கள். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் 30 கோடி டாலர் வரை இழப்பு என்று அறிவித்தது. அப்டேட் என்றாலே பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். சில நாள் பொறுத்துப் போடுவதற்கு இதுவும் ஒரு நியாயம்.

சில நாள் பொறுப்பது, பல மாதம் தள்ளுவது, இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வழி இருக்கிறது. நான் பராமரிக்கும் அலுவலகங்களில் செய்வதைச் சொல்கிறேன். விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் முதலில் ப்ரோவுக்கு மாற்றிவிடுவேன். ஹோமில் அதிகபட்சம் 35 நாள் இடைநிறுத்தம் தவிரப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ப்ரோவில் மாதாந்திர பேட்ச்களை 30 நாள் வரையும், வருடாந்திரப் பெரிய அப்டேட்களை 365 நாள் வரையும் தள்ளிவைக்கலாம். பெரிய அப்டேட்டை நான் ஆறு மாதமாவது தள்ளுவேன். மாதாந்திர பேட்ச் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி வரும். 2003-லிருந்து இதே வழக்கம். நாள் தெரிந்திருப்பது உங்களுக்கு வசதி. அதை ஒரு கணினியில் உடனே போடவிடுவேன், இரண்டு கணினிகளில் மூன்று நாள் கழித்து, மீதியில் ஏழு முதல் பத்து நாள் கழித்து. முன்னால் சொன்ன பிரிண்டர் கோளாறு போன்றவை முதல் சில நாட்களிலேயே வெளியே தெரிந்துவிடும். ஏழா பத்தா பதினான்கா என்பது கணக்கில் வந்த விடை இல்லை, என் அனுபவத்தில் பட்டது. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: "இந்த ஓட்டை ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுகிறது" என்ற அறிவிப்போடு பேட்ச் வந்தால், முதல் கணினியில் போட்டுப் பார்த்த அன்றே எல்லாவற்றிலும் போட்டுவிடுவேன்.

முதலில் போடும் அந்தக் கணினியைத் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். மூலையில் சும்மா கிடக்கும் பழைய கணினியில் போட்டு, "திறக்கிறதே, சரியாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். அதில் யாரும் பில் போடுவதில்லை, பிரிண்ட் எடுப்பதில்லை, அதனால் எதுவும் தெரியவராது. தினமும் உண்மையான வேலை நடக்கிற, பக்கத்திலேயே மாற்றுக் கணினி இருக்கிற மேஜையைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் சரி, பில் சாஃப்ட்வேருக்கு என்ன? அது உங்கள் கணினியில் நிறுவப்பட்டதாக இருந்தால் பெரும்பாலும் அமைப்புகளில் எங்காவது தானியங்கி அப்டேட்டை "கேட்டுவிட்டுச் செய்" என்று மாற்றும் இடம் இருக்கும். இல்லாவிட்டால் நிறுவனத்தாரின் உதவிப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் இல்லை என்று சொல்பவர்கள் எழுத்தில் கேட்டால் வழி சொல்வதைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. புது வெர்ஷன் முதல் தடவை திறக்கும்போது பல கணக்கு சாஃப்ட்வேர்கள் உங்கள் டேட்டா கோப்பையும் புது வடிவத்துக்கு மாற்றிவிடும். அதன் பிறகு பழைய வெர்ஷனை மறுபடி நிறுவினாலும் அந்த டேட்டாவை அதனால் திறக்க முடியாது. விண்டோஸில் பெரிய அப்டேட்டைப் பத்து நாளுக்குள் பின்வாங்கலாம். கணக்கு டேட்டாவில் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. அதனால் புது வெர்ஷனைத் திறக்கும் முன் டேட்டா கோப்புறையின் நகல் ஒன்று, தேதி எழுதி, வேறு டிஸ்கில் இருக்க வேண்டும். பழைய வெர்ஷனின் இன்ஸ்டால் கோப்பும் அதோடு சேர்த்து. அந்த நகலை வேறொரு கணினியில் ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே எண்ணுவதில்லை.

கிளவுடில் ஓடும் சாஃப்ட்வேர் என்றால் நிலைமை வேறு. அங்கே உங்கள் பக்கத்தில் திருப்புவதற்கு எந்தத் திருகும் இல்லை. அவர்கள் சர்வரில் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். அங்கே உங்களுக்குக் கிடைக்கக்கூடியது முன்னறிவிப்பு ஒன்றுதான், அதைத் தவறவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் மின்னஞ்சல் சேவையில் வெறும் பயனர்பெயர், கடவுச்சொல் மட்டும் கொண்டு நுழையும் பழைய முறையை நிறுத்தப்போவதாக 2019-லேயே அறிவித்தது. பல தடவை தள்ளிப்போட்டு 2022 அக்டோபரில்தான் நிறுத்தத் தொடங்கியது. மூன்று வருட அவகாசம். அப்படியும் பழைய முறையில் அஞ்சல் எடுத்த புரோகிராம்கள் பல அலுவலகங்களில் திடீரென்று நின்றன. அறிவிப்புகள் போகும் முகவரியை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் நான் கண்ட காரணம். ஓர் அலுவலகத்தில் அந்த முகவரி வேலையை விட்டுப்போய் இரண்டு வருடம் ஆன ஒருவருடையதாக இருந்தது. உங்கள் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் எந்த முகவரிக்கு எழுதுகிறது என்று இந்த வாரமே பாருங்கள். ஒருவர் போனாலும் இன்னொருவர் பார்க்கும் பொது முகவரியாக மாற்றிவையுங்கள்.

"என்ன உரிமை?" என்று கேட்டீர்கள். ஒப்பந்தம் படித்தால் பெரும்பாலும் உரிமை அவர்களிடம்தான் இருக்கும். நாம் "ஏற்கிறேன்" என்று அழுத்திய பக்கங்களில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் வரும் வியாபார இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வாசகங்கள் வழக்கமாக இருக்கும். உங்கள் நாட்டுச் சட்டப்படி அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும், அது என் துறை இல்லை. ஆனால் சந்தாவைப் புதுப்பிக்கும் நேரம் வரும்போது கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. திரையில் தெரியும் எந்த மாற்றத்துக்கும் இரண்டு வாரம் முன்னால் அறிவிப்பு, பாதுகாப்புத் திருத்தத்தை வசதி மாற்றங்களிலிருந்து பிரித்துத் தருவது, மாதக் கடைசி மூன்று நாளும் அடுத்த மாத முதல் ஐந்து நாளும் வசதி மாற்றம் எதுவும் வரக்கூடாது என்பது, பழைய திரையை ஒரு மாதமாவது வைத்துக்கொள்ளும் தேர்வு. நான்கையும் கேளுங்கள். 12 பேர் கொண்ட அலுவலகம் தனியாகக் கேட்டால் நடக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு. அதே சாஃப்ட்வேரை வைத்திருக்கும் இன்னும் இருபது அலுவலகங்கள் சேர்ந்து ஒரே கடிதமாகக் கேட்டபோது மாதக் கடைசி விஷயம் மட்டும் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மற்ற மூன்றும் அங்கே நடக்கவில்லை.

இன்டர்நெட்டைத் துண்டித்துப் பழைய வெர்ஷனிலேயே இருந்துவிடலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வந்திருக்கும். ஓர் இயந்திரத்தை மட்டும் இயக்குகிற, யாரும் பென்டிரைவ் செருகாத கணினி என்றால் சரி என்பேன். பில் போடும் கணினிக்கு மின்னஞ்சல் வேண்டும், வங்கி வேண்டும், பிரிண்டர் பகிர்வு வேண்டும். ஒரு வாரத்தில் யாராவது கேபிளை மறுபடி செருகிவிடுவார்கள், அன்று அந்தக் கணினியில் வருடக்கணக்கான ஓட்டைகள் திறந்திருக்கும். விண்டோஸ் 10-ல் இன்னும் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் பொதுவாக முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் தனியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் பேட்ச் வரும்.

கடைசியாக ஒரு தாள். உங்கள் அலுவலகத்தில் தினமும் நடக்கிற பத்து வேலைகளை அதில் எழுதிவையுங்கள்: பில் போடுவது, பிரிண்ட் எடுப்பது, பில்லை ரத்து செய்வது, பாக்கிப் பட்டியல் எடுப்பது, எக்செலுக்கு அனுப்புவது, இப்படி. எந்த விசைக்குப் பிறகு எந்த விசை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத வேண்டியவர் அந்த வேலையைச் செய்பவர், கணினி பார்க்கும் என்னைப் போன்றவர்கள் இல்லை. முன்னால் சொன்ன அந்தக் கணக்குப் பிரிவில் 63 பதிவுகளையும் திருத்தி முடித்த பிறகு, முதலில் அப்டேட் போடும் கணினியை அந்த அம்மாவின் மேஜைக்கே கொண்டுவந்தோம். அவரே தாளை எழுதினார். ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும், டேட்டாவின் நகலை வைத்துக்கொண்டு பழைய வவுச்சர்கள் பத்தை மறுபடி அடித்துப் பார்ப்பார். இருபது நிமிஷம் ஆகும். மூன்றாவது மாதம் அவரிடமிருந்து ஃபோன் வந்தது. "சார், மொத்தத்துல பைசாவை முழுசாக்குறது மாறியிருக்கு, பழைய பில்லோட ஒத்துப்போகல. மத்தவங்களுக்குப் போட வேண்டாம்" என்றார். மற்ற பதினோரு கணினிகளிலும் அந்த வெர்ஷனை நிறுத்திவைத்தேன். ஒன்பது நாள் கழித்து நிறுவனத்திலிருந்து திருத்தம் வந்தது.